ஊரறிந்த என் பிறந்த தேதி

1

போன ஜூன் மாதம் முதல் தேதி, காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தது. கைலியோடு, பல் துலக்கிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஆறு பேர். முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு பெங்ட். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிட ஒரு முழம் உயரம். அவர் கையில் ஸ்வீடன் நாட்டுக் கொடி. அவர் மனைவி கையில் பச்சை நிறத்தில் ஒரு கேக். மற்ற நாலு பேரும் தெருவில் நாயோடு நடக்கும்போது தலையாட்டுகிறவர்கள், பெயர்கூடத் தெரியாது. கதவு திறந்ததும் ஆறு பேரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடியும்வரை வாயில் நுரையோடு நின்றேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

எனக்கு ஐம்பது வயது ஆகிவிட்டதாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இந்த நாட்டில் இல்லை என்பதை, வந்து பத்தொன்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். இங்கே ஒருவருக்கு அரசாங்கம் கொடுக்கும் எண்ணே பிறந்த வருடம், மாதம், நாள், அதன் பின்னால் நாலு இலக்கம் என்றுதான் இருக்கும். அது ரகசியமும் இல்லை. இணையத்தில் என் பெயரைத் தட்டினால் வீட்டு விலாசம், வயது, பிறந்தநாள், கூட யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்து நிற்கும். மதுரையில் ஒரு தெருவே கூடி ஒரு வாரம் விசாரித்துத் தெரிந்துகொள்கிற விஷயத்தை இங்கே பெங்ட் காபி குடித்துக்கொண்டே அரை நிமிடத்தில் தெரிந்துகொண்டுவிட்டார்.

ஐம்பதாவது பிறந்தநாள் இவர்களுக்குப் பெரிய விசேஷம். அழைப்பு இல்லாமலேயே வருவார்கள். வரவேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் முன்கூட்டியே விளம்பரம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார்களாம். அது எனக்குத் தெரியாது.

கேக்கை வெட்டியபின் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நாலு வார்த்தை பேச வேண்டும் போல. ஸ்வீடிஷ் மொழியில் வயது நிறைவதற்கு ஒரு சொல் உண்டு, போதை நிறைந்திருப்பதற்கு இன்னொரு சொல் உண்டு. இரண்டும் கூடப்பிறந்தவை. ஐம்பது நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து, "நான் இன்றைக்கு ஃபுல்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இங்கேயும் நம் ஊர் டாஸ்மாக் வாசலில் என்ன அர்த்தமோ ஏறக்குறைய அதே அர்த்தம்தான். காலை ஏழேகாலுக்கு. பெங்ட் என் தோளைத் தட்டி, "இருக்கட்டும், ஐம்பது ஒரு தடவைதானே வருது" என்றார்.

சிரிப்பை வளர்க்கலாம் என்று இன்னொன்றையும் சொன்னேன். "உண்மையில் இன்றைக்கு என் பிறந்தநாளே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் போட்ட தேதி."

நம் ஊராக இருந்தால் ஆறு பேரில் நாலு பேர், "எனக்கும் அப்படித்தான்" என்று கை தூக்கியிருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. பெங்டின் மனைவி தன் கையிலிருந்த கேக் துண்டை, யாரிடமோ திருடியதுபோலப் பார்த்தாள்.

2

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். தெற்கு ஸ்வீடனில் ஒரு சிறிய ஊரின் நகராட்சி அலுவலகத்தில் நான் பதிவு எழுத்தர். அலுவலகத்துக்கு வரும், அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். யார் கேட்டாலும்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு கிழவர் வந்து, ஏரிக்கரை வாத்துகளைப் பற்றி நகராட்சி எழுதிய எல்லாக் கடிதங்களும் வேண்டும் என்றார். நான் மதுரைக்காரன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் மேலதிகாரி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "நீ யார் என்றும் கேட்கக் கூடாது, எதற்கு என்றும் கேட்கக் கூடாது. அவர் கேட்பது அவருடைய தகவல். நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்."

அந்த வாக்கியம் எனக்குள் இறங்க ஒரு வருடம் ஆனது. இறங்கிய பிறகு நான்தான் அலுவலகத்திலேயே பெரிய பக்தன். பதிவு என்றால் சரியாக இருக்க வேண்டும், தவறு என்றால் எழுதித் திருத்த வேண்டும், திருத்தியதும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான்.

இப்படிப்பட்டவனின் பிறந்த தேதியே பொய் என்ற சேதி அன்றைக்குப் பத்து மணி காபிக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. பெங்டின் மருமகள் எங்கள் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறாள். மேலதிகாரி அம்மாள் கோபப்படவில்லை. "அது திருத்தப்பட வேண்டிய தகவல், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் ரெபேக்கா காத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் அவள் தமிழில் சொற்கள் நம்முடையவை, அர்த்தங்கள் அவளுடையவை.

"அப்பா, நீங்க பத்தொன்பது வருஷம் பொய் நம்பர் வச்சிருக்கீங்க."

"பொய் இல்லைம்மா. நம்ம ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாரும் பொய்னா அது உண்மை ஆகுமா?"

என் மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து களைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். "திருத்திட்டுத்தான் வாங்களேன். அஞ்சு மாசம் வயசு குறையும்ல" என்றாள். உண்மையைச் சொன்னால், அதுதான் எனக்குள் வேலை செய்தது.

3

என் உண்மையான பிறந்தநாள் நவம்பரில் என்று தெரியும். எந்தத் தேதி என்று தெரியாது. அம்மா, தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் நான் பிறந்ததாகச் சொல்வாள். அந்தப் பண்டிகை வருடா வருடம் ஒரு தேதியில் வராது. ஆகவே என் பிறந்தநாளும் நகர்ந்துகொண்டே இருந்தது. பண்டிகை எப்போது வருகிறதோ, மறுநாள் அம்மா கேசரி கிண்டுவாள். ஒரு வருடம் மழையால் பண்டிகையைத் தள்ளிவைத்தார்கள். நானும் பதினைந்து நாள் தாமதமாகப் பிறந்தேன். அம்மா காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால் அந்த வருடத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

அப்பாவைக் கேட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். அப்பா மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவர். சேர்க்கைப் பதிவேடு அவர் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக் குண்டூசி ஒன்று சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். மற்ற பெற்றோர்கள் தேதியைக் கூட்டிக் குறைத்துச் சொன்னால், சான்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் தன் மகனுக்கு மட்டும் ஜூன் ஒன்று என்று எழுதியிருக்கிறார். ஏன் என்று சின்ன வயதிலிருந்து பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரே பதில்தான்: "பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதான்."

ஜூலையில் ஸ்வீடனே கடையைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போகும். ரெபேக்காவைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆனையூரில் எஸ்தர் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினேன். அப்பா அக்காவோடுதான் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, அக்காவுக்கும் இல்லை.

"நீ ஏன்டா கவலைப்படுற? எல்லாம் ஆன்லைன்ல வந்துருச்சு" என்றாள் அக்கா. "பழைய பிறப்புப் புத்தகத்தைக்கூட ஏத்திட்டாங்களாம். நம்ம போன்லயே பாத்துக்கலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. நம் அரசாங்கமும் பொட்டியைத் திறந்துவிட்டது. அக்கா சமையலறையில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தாள். பிறந்த தேதி தெரிந்துகொள்ள அது கேட்ட முதல் கேள்வி: பிறந்த தேதி.

நவம்பர் ஒன்றிலிருந்து ஒவ்வொரு நாளாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஓடிபி வரும். அந்த ஓடிபி அத்தானுடைய போனுக்குப் போகும். அத்தான் வாடிப்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆறு இலக்கத்தை வாசிப்பதற்குள் அவருக்கு இரண்டு வாடிக்கையாளர் வந்துவிடுவார்கள்.

"மாப்ள, எழுதிக்க. நாலு... எட்டு... அண்ணே, அரை இஞ்சு எல்போ அந்தப் பக்கம் இருக்கு பாருங்க... அரை இல்ல மாப்ள, அது அவருக்கு. உனக்கு மூணு..."

அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். நவம்பர் ஏழு வரைக்கும் வர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அத்தான் கடைக்கு லீவு போட்டுவிட்டு, "நீ பொறக்கிற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் பதினாறில் நான் பிறந்தேன். ஆண் குழந்தை. பெயர் என்ற இடம் காலி. தகப்பன் பெயரும் விலாசமும் சரி. தாய் பெயர் ஞானசவுந்தரி என்பதை யாரோ 'ஞான சவாரி' என்று தட்டியிருந்தார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அம்மாவை எங்கடா சவாரி அனுப்பிட்டாங்க?" என்றவள், கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் போய் அம்மா பெயரில் இருந்த பிழையைச் சொன்னோம். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் பழைய காகிதப் புத்தகத்தையே வரவழைத்துப் பார்த்துத் திருத்துவதாகச் சொன்னார். ஒரே வாரத்தில் திருத்தியும் கொடுத்துவிட்டார். எதுக்கு என்று கேட்கவில்லை. நான்தான் கேட்பார் என்று எதிர்பார்த்து, பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

4

ஆனால் வெறும் சான்றிதழ் போதாது. பிறப்புச் சான்று ஒரு தேதி, பள்ளிச் சான்று இன்னொரு தேதி என்றால், ஏன் மாறியது என்று தேதியைக் கொடுத்தவரே எழுத்தில் விளக்க வேண்டும் என்பது ஸ்வீடனில் கேட்டிருந்த விவரம். அங்கே குடிமக்கள் பதிவேட்டை வைத்திருப்பது வரி அலுவலகம். அதாவது, அப்பா வாயைத் திறக்க வேண்டும்.

பக்குவமாகச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரெபேக்கா முந்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். வெளிநாட்டுப் பிள்ளை தமிழ் பேசுகிறதே என்று சந்தோஷம். ஒரு டீச்சரம்மா, "லீவுக்கு வந்தியாம்மா?" என்று கேட்டார்கள்.

ரெபேக்கா தெளிவாக, சத்தமாக, நல்ல தமிழில் சொன்னாள்: "லீவு இல்லை ஆன்ட்டி. எங்க அப்பா தப்பாப் பொறந்தவர். அதைச் சரி பண்ண வந்திருக்கோம்."

தப்பான தேதியில் பிறந்தவராகப் பதிவாகியிருக்கிறார் என்பதைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறாள். டீச்சரம்மா கையிலிருந்த பைபிள் நழுவி விழுந்தது. மூன்றடி தள்ளி அப்பா தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

அக்கா ஓடிப்போய், "தேதி, தேதி! தேதியைச் சொல்லுது!" என்று எல்லோரையும் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லக் கூட்டம் இன்னும் சந்தேகமாகப் பார்த்தது.

அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு வருவார், போவார். மூன்றாம் நாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"அப்பா, அது வந்து..."

"நான் எழுதினது. நான்தான் திருத்தணும். ஆட்டோவக் கூப்புடு."

5

நோட்டரி வக்கீல் சுறுசுறுப்பான இளைஞர். விவரத்தைப் பாதி கேட்கும்போதே கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்து பெயர்களை நிரப்பி, அச்செடுத்து நீட்டிவிட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"'மேற்படி தவறானது எனது எழுத்தறிவின்மையாலும் அறியாமையாலும் ஏற்பட்டது.' இது யாரைப் பத்தி?"

"உங்களைப் பத்தித்தான் சார்."

"தம்பி, முப்பத்தாறு வருசம் ரிஜிஸ்டர் எழுதினவன் நான். எனக்கு எழுத்தறிவு இல்லையா?"

"ஐயோ, இது ஃபார்மட்டு சார். தேதி மாத்த வர்ற எல்லாருக்கும் இதான் போடுறது. டாக்டர் ஒருத்தருக்கே போட்டிருக்கேன்."

"அப்ப எல்லாரும் பொய் சொல்றாங்க?"

வக்கீல் யோசித்தார். "ஆமா சார்" என்றார்.

அப்பா தாளை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார். "ஒரு பொய்யத் திருத்த இன்னொரு பொய்யா? நான் வீட்டுல எழுதிக் கொண்டுட்டு வாரேன். நீங்க சீல் மட்டும் வையுங்க." அப்படியே எழுந்துவிட்டார். வக்கீல் என்னைப் பார்த்து, "ஃபார்மட்டுல இல்லாட்டி அங்க ஒத்துக்குவாங்களா சார்?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

6

ஒத்துக்கொண்டார்களா என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் புது எண் வந்தது. புது எண் வந்த நிமிடத்தில் பழைய மனிதன் இல்லாமல் போனான். நூலகம் என்னைத் தெரியாது என்றது. பல் மருத்துவர் முதல் தடவை வருகிறவர்களுக்கான வணக்கம் சொன்னார். என் அலுவலகக் கதவே என் அட்டையை மறுத்து, பத்து நிமிடம் பனியில் நின்றேன். சரியான தகவலாக மாறுவது இம்புட்டுக் கஷ்டமா என்று அப்போதுதான் தெரிந்தது. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, அப்பா அந்தக் கடிதத்தை எழுதிய மத்தியானத்தைப் பற்றி.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, காற்றாடியை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க எழுதினார். நானும் அக்காவும் ரெபேக்காவும் வாசற்படிப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சத்தமா வாசி. பிழை இருந்தாச் சொல்லு."

வாசித்தேன்.

"நான் மேற்படி பள்ளியில் எழுத்தராகப் பணியாற்றினேன். என் மகனுக்கு நாலரை வயது நடக்கும்போது என் மனைவி ஞானசவுந்தரி காசநோய்க்காக ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் தங்க நேர்ந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஆகவே அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் என் மேஜைக்கு அடியில் உட்காரவைத்தேன். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சொன்னார். விதி அப்படித்தான். அவர்மேல் குறை இல்லை. மறுநாள் காலையில் ஐந்து வயது நிறைந்ததாகத் தேதி போட்டு என் மகன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரிந்தே செய்தேன்."

அம்மா அந்த வருடம் தூத்துக்குடியில் சித்தியின் பிரசவத்துக்குப் போயிருந்தாள் என்றுதான் ஐம்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. "யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிருந்துச்சு. உன்கிட்டயும்."

ரெபேக்கா போய்க் காற்றாடியைப் போட்டுவிட்டு வந்தாள்.

பிழை என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தால் நான் என் உத்தியோகத்துக்கே துரோகம் செய்தவன் ஆவேன்.

"அப்பா, இதை அங்க குடுத்தா ஃபைல்ல போயிரும்."

"போகட்டும். ஃபைலுக்குத்தான எழுதினது."

"அந்த ஊர்ல யாரு வேணும்னாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. ரொம்ப அந்தரங்கம்னு தோணுனா ஒருவேளை குடுக்காம வைக்கலாம், ஆனா அது அவங்க முடிவு. அம்மா பேரும் இருக்கு, நோயும் இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் சொன்னேன். "வக்கீல் குடுத்த தாளுல கையெழுத்துப் போட்டா அம்மா பேச்சே வராது. இல்லாட்டி இந்தத் தேதியே இருந்துட்டுப் போகட்டும்ப்பா. எனக்கு ஒண்ணும் குறைஞ்சுறாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்கம்மா அதை ஏன் மறைச்சா தெரியுமா? தனக்காக இல்ல. நோய்க்காரி பிள்ளைகள்னு உங்க ரெண்டு பேரையும் யாரும் பக்கத்துல உக்கார விடாமப் போயிருவாங்கன்னு." எங்கள் இரண்டு பேரையும் தலை முதல் கால்வரை பார்த்தார். நரைத்த அக்கா, வழுக்கை விழுந்த நான். "இப்ப உங்களை யாரு ஒதுக்கப் போறா? நீங்களே கெழடாயிட்டீங்க."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்பா கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்ப வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது வரியில் ஒரு சொல்லை அடித்து மேலே எழுதியிருந்தார். அதை விரலால் தடவினார்.

"யாரு வேணும்னாலும் படிப்பாங்கன்னு சொன்னீல்ல?"

"ஆமாப்பா."

"அப்ப இன்னொரு தாள் கொண்டா. இதுல ஒரு அடித்தல் இருக்கு."